என் பெயர் பாவாடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாற்பது வருஷமாக உங்கள் பேப்பரைப் படித்துவிட்டுத்தான் தறிக்குழியில் இறங்குவேன். இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் தறி நின்றுவிட்டது, பேப்பர் நிற்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வந்த ஒரு துணுக்குதான் இன்று எழுத வைத்திருக்கிறது.

'இப்படியும் பெயர் வைக்கிறார்கள்' என்று தலைப்புப் போட்டு, ஒரு பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு பெயர்கள். பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஆள் படம். மண்ணாங்கட்டி, அமாவாசை, குப்பு, பிச்சை என்று போய், ஐந்தாவதாக பாவாடை. அதற்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி: 'இது ஆண் பிள்ளைக்கு வைத்த பெயராம்!'

ஆமாம் ஐயா, ஆண் பிள்ளைக்குத்தான். எனக்குத்தான். ஆரணியில் பட்டு நெய்து பிழைத்தவன், வயது அறுபத்தெட்டு.

மறுப்பு போடுங்கள், வருத்தம் தெரிவியுங்கள் என்று கேட்கவில்லை. துணுக்கை எழுதியவருக்கு முப்பது வயதுகூட இருக்காது என்று நினைக்கிறேன். பாவாடை என்றால் அவருக்கு ஜவுளிக்கடையில் தொங்குவது ஒன்றுதான் தெரிந்திருக்கும். அது அவர் குற்றமில்லை. ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டதால் நானாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஒன்றாம் வகுப்பில் என்னைச் சேர்த்தபோது என் பெயரைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. அதே வகுப்பில் இன்னொரு பாவாடையும் இருந்தான். அவன் உயரம், நான் குள்ளம். ஆகவே அவன் நெட்டைப் பாவாடை, நான் குட்டைப் பாவாடை. இன்றைக்கு எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது வாத்தியாருக்கோ பிள்ளைகளுக்கோ வேடிக்கையாகப் படவே இல்லை. ஆரணி, செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலை பக்கம் அப்போது தெருவுக்கு ஒரு பாவாடை இருப்பார். சில வீடுகளில் பாவாடைசாமி என்றும் பாவாடைராயன் என்றும் முழுசாக வைப்பார்கள்.

சிரிப்பு தொடங்கியது ஆறாம் வகுப்பில். தெற்கத்திப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வாத்தியார், முதல் நாள் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர் என் பெயரில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். "பாவாடையா? அப்போ தாவணி எங்கடா?" என்றார். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. அன்றிலிருந்து பள்ளி முடிக்கும் வரை எனக்குத் தாவணி என்றே பெயர். அவர் நல்ல வாத்தியார், கணக்கு அவரிடம்தான் கற்றேன். பெயர் விஷயத்தில் மட்டும் மன்னிக்க எனக்கு வெகுகாலம் ஆனது.

எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் கைக்கு வந்தபோது அதில் 'பா. வாடை' என்று இருந்தது. எழுதிய குமாஸ்தா, ஏதோ தவறிப்போய் இனிஷியலும் பெயரும் ஒட்டிக்கொண்டது என்று நினைத்துப் பிரித்துவிட்டார். வாடை என்று ஒருத்தனுக்குப் பெயர் இருக்கும் என்று அவரால் நம்ப முடிந்திருக்கிறது, பாவாடையை நம்ப முடியவில்லை. அதைத் திருத்தி வாங்க எத்தனை நாள் கூலி போனது என்பதைச் சொன்னால் கடிதம் நீளும்.

தாவணி என்ற பட்டம் விழுந்த அன்று அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் எழுப்பித் தெருவுக்கு அழைத்துப்போனார். நெசவாளர் தெருவைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். வெயில் ஏறுவதற்கு முன்னால் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நூலை நீட்டி இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதற்குப் பாவு என்று பெயர். குறுக்கே நாடாவில் ஓடுவது ஊடை. அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டே அப்பா கேட்டார்.

"இது என்னடா?"

"பாவு."

"பாவுன்னா?"

"விரிக்கிறது."

"ஆடைன்னா?"

"துணி."

"அப்புறம் என்னா சிரிப்பு அவனுங்களுக்கு?"

அவ்வளவுதான் அவர் நடத்திய பாடம். பல வருஷம் கழித்து எங்கள் ஊர் நூலகத்தில், சென்னைப் பல்கலைக்கழகம் போட்ட தமிழ்ப் பேரகராதியை எடுத்துப் பார்த்தேன். அப்பா சொன்னதைத்தான் அதிலும் போட்டிருக்கிறார்கள். பாவு, ஆடை. விரிக்கிற துணி. நாற்றுப் பாவுகிறோம், தரையில் கல் பாவுகிறோம், சந்தோஷத்தில் ஒருத்தனுக்குக் கால் தரையில் பாவவில்லை என்கிறோம். எல்லாம் அந்த ஒரு பாவுதான். பெரியவர்கள் நடந்து வருவதற்குத் தரையில் விரிக்கும் துணிக்குப் பாவாடை என்று பேர். தெய்வத்துக்கு முன்னால் விரித்து, அதன் மேல் சோற்றைக் குவிக்கும் துணிக்கும் அதே பேர். பெண் பிள்ளைகள் உடுத்துவதும் விரிந்து நிற்பதால் இந்தப் பேரைப் பெற்றது என்பது என் எண்ணம். அந்த உடைதான் என் பெயரைக் கடன் வாங்கியிருக்கிறதே தவிர, நான் அதனிடம் வாங்கவில்லை.

நடைபாவாடை என்ற சொல்லை எங்கள் தலைமுறைக்காரர்கள் கேட்டிருப்பார்கள். சாமி ஊர்வலத்தில், கல்யாண மாப்பிள்ளை வரும்போது, சாவு ஊர்வலத்தில்கூட, முன்னால் வேட்டிகளை விரித்துக்கொண்டே போவார்கள். கடந்து வந்ததைச் சுருட்டி எடுத்து மறுபடியும் முன்னால் கொண்டுபோய் விரிப்பார்கள். அதை வெளுத்து விரித்தவர்களுக்கு அதன் மேல் நடக்கும் உரிமை இருந்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இன்று மந்திரி வந்தால் சிவப்புக் கம்பளம் விரிக்கிறோமே, அதுதான் பாவாடை. துணுக்கு எழுதியவர் அடுத்த முறை 'கம்பளம்' என்று ஒருவரைக் கூப்பிட்டுச் சிரித்துப் பார்க்கட்டும், சிரிப்பு வருகிறதா என்று.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று. என் மகளைக் கொச்சியில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அங்கே மட்டாஞ்சேரியில் யூதர்களின் பழைய ஜெபக்கூடம் இருப்பது பலருக்கும் தெரியும். அவர்கள் பாதுகாத்து வந்த செப்பேட்டைப் பற்றி என் மாப்பிள்ளை சொன்னார். சுமார் 1000-ஆம் ஆண்டில், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில், அதாவது இன்றைய கொடுங்கல்லூரில், இருந்தபோது ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குக் கொடுத்தது. எழுத்து வட்டெழுத்து. எழுபத்திரண்டு உரிமைகள் கொடுத்ததாக அதில் இருக்கிறது. சிலவற்றைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். அதன் வாசகம் அச்சான புத்தகம் ஒன்றை மாப்பிள்ளை தேடிக் கொடுத்தார். விரல் வைத்து வரி வரியாகப் படித்தேன். 'பகல்விளக்கும் பாவாடையும்' என்று வந்தது. அதற்குப் பிறகு பல்லக்கு, குடை, வடுகப் பறை, எக்காளம், தோரணம்.

பட்டப்பகலில் எதற்கு விளக்கு? வெளிச்சத்துக்கு இல்லை, மரியாதைக்கு. அதே மாதிரிதான் கால் வைக்க விரிக்கும் துணியும். ராஜாவுக்கு உரிய மரியாதையைக் கடல் கடந்து வந்து குடியேறிய சமூகத்தில் ஒருவருக்குக் கொடுத்து, அதைச் செம்பில் வெட்டி வைத்திருக்கிறான் ஒரு மன்னன். பல்லக்குக்கும் குடைக்கும் முன்னால் என் பெயர். அன்று ராத்திரி மகள் வீட்டில் எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆறாம் வகுப்பு வாத்தியார் உயிரோடு இருந்தால் ஒரு கார்டு போட்டிருப்பேன்.

சரி, ராஜமரியாதையைப் பார்த்தா எங்கள் ஆயா எனக்குப் பெயர் வைத்தது? இல்லை. ஆயாவுக்குச் செப்பேடும் தெரியாது, சேர மன்னனும் தெரியாது. தெரிந்ததெல்லாம் மலையனூர்.

மேல்மலையனூர் என்றால் உங்கள் வாசகர்களுக்கு அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவம் நினைவுக்கு வரும். விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஊர், அங்காள பரமேசுவரி இருக்கும் இடம். சிவன் பிரம்மாவின் ஐந்தாவது தலையைக் கிள்ளப்போக, அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டது. பிச்சையாக விழும் சோற்றையெல்லாம் அது தின்றுவிடும். கடைசியில் மலையனூர் மயானத்தில் அம்மன் சோற்றைச் சூறை விட்டாள். அதைத் தின்ன ஆசைப்பட்டுக் கபாலம் கையை விட்டு இறங்கியதும் காலால் மிதித்துவிட்டாள். மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள் மயானக்கொள்ளை நடக்கிறதே, அது இந்தக் கதைதான். விளைந்த காய்கறி, தானியம், சுண்டல், காசு என்று எல்லாவற்றையும் வாரி இறைப்பார்கள்.

இந்த அம்மனுக்குக் காவல் நிற்பவன் பாவாடைராயன். மீசையும் வாளுமாக இருப்பான். அவன் கதையை ஊருக்கு ஒரு மாதிரி பாடுவார்கள், உடுக்கை அடிப்பவரைப் பொறுத்து நீளும், குறையும். காவல்காரன் என்பதில் மட்டும் எந்த ஊரிலும் மாற்றமில்லை. எங்கள் ஆயா முதலில் அவன் முன்னால் கற்பூரம் ஏற்றும், அப்புறம்தான் அம்மனிடம் போகும். "வாசல்ல இருக்கிறவனக் கேக்காம உள்ள போவியாடா?" என்று எங்களை அதட்டும்.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு பிறந்து தங்கவில்லை. மூன்றாவதாக நான் வயிற்றில் இருந்தபோது ஆயா மலையனூருக்குப் போய், இது தங்கினால் உன் பேர், உன் காவல் என்று ராயனிடம் சொல்லிவிட்டு வந்தது. தங்கினேன். மொட்டை அடித்துக் காது குத்தி, மடியில் வைத்துக்கொண்டு அவன் பெயரைக் காதில் சொன்னதும் ஆயாதான். பெற்றவர்கள் பெண்ணை எதிர்பார்த்தார்களோ, பையனை எதிர்பார்த்தார்களோ என்பதெல்லாம் அந்த வீட்டில் பேச்சே இல்லை. உயிரோடு ஒன்று வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்.

துணுக்கில் இருந்த மற்ற பெயர்களுக்கும் இதே கதைதான். பிறந்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்தால் குப்பு, குப்புசாமி, குப்பம்மாள். யாரிடமோ பிச்சையாக வாங்கிய பாவனையில் பிச்சை. மண்ணாங்கட்டி என்று கூப்பிட்டால் எமன்கூட இதில் என்ன இருக்கிறது என்று திரும்பிப் போய்விடுவான் என்ற கணக்கு. பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டுத் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவதும் உண்டு. சின்ன வயதில் "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று கேலி செய்திருப்பார்களே, அது வெறும் கேலி இல்லை, நிஜமாகவே நடந்தது. கூகுள் கம்பெனிக்குத் தலைவராக ஒருவர் வந்த பிறகு பிச்சை என்ற பெயரைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. குப்புவுக்கும் மண்ணாங்கட்டிக்கும் அப்படி யாராவது வாய்க்க வேண்டும் போலிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல ஆசை. பெயரைச் சொன்னால் ஆளின் ஊரைச் சொல்லிவிடலாம் என்று ஒரு காலம் இருந்தது. சுடலைமுத்து, இசக்கி என்றால் திருநெல்வேலிப் பக்கம். ஒச்சு, விருமாண்டி என்றால் உசிலம்பட்டி. வாழ்முனி என்றால் எங்கள் பக்கம், பச்சையம்மன் கோயில் முனிகளில் ஒருவர் பெயர். ஏழுமலை என்றால் திருப்பதி பார்த்த வடக்குச் சீமை. பாவாடை என்றால் மலையனூர் அமாவாசைக்கு வண்டி கட்டிப் போகிற தூரத்துக்குள் இருப்பவன். பட்டு வியாபாரத்துக்கு ஒரு முறை சேலம் போயிருந்தபோது, லாட்ஜில் என் பெயரைப் பதிவேட்டில் பார்த்த ஒரு முதியவர், "எந்த ஊரு? செஞ்சியா, ஆரணியா?" என்று கேட்டார். அந்த ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். இன்று என் பேரனின் பெயரை வைத்து அவன் ஆரணியா ஆக்ராவா என்று யாராலும் சொல்ல முடியாது. 'ஷ்' என்று முடிகிறது, அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. என்ன அர்த்தம் என்று மகனைக் கேட்டேன். போனில் பார்த்துச் சொல்கிறேன் என்றான்.

அந்தப் பேரன்தான் ஒரு நாள் என் பெயரையும் போனில் தேடினான். ஒரு மதத்தாரின் சாமியார்களைத் திட்டுவதற்கு அந்தச் சொல்லை வசையாகப் பயன்படுத்துகிறார்களாம். அதுதான் வரிசையாக வந்தது. பிள்ளை சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். துணி விரித்து வரவேற்கிற சொல்லை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள் பாருங்கள். திருப்பதியில் வியாழக்கிழமைதோறும் பெருமாளுக்கு முன்னால் புளியோதரையை மலையாகக் குவித்து ஒரு சேவை நடக்கிறது. அதற்குப் பெயர் திருப்பாவாடை. அதைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு தரிசிக்கிறோம். 'திரு' இருந்தால் பக்தி, ஆரணிக்காரனுக்கு அதே பெயர் இருந்தால் துணுக்கு.

என் சித்தப்பா மகனும் பாவாடைதான். வெளியூரில் வேலைக்குப் போனவன், கெஜட்டில் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொண்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் பட்டது எனக்குத் தெரியும். நானும் இருபது வயதில் மாற்ற நினைத்தவன்தான். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது பெண் வீட்டார் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்கள், பாவாடைராஜ் என்று போடலாமா என்று. அப்பா முகத்தைப் பார்த்தார்கள், அத்தோடு விட்டுவிட்டார்கள்.

பெண் வீட்டாரைச் சொன்னதும் இதையும் எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரி அந்தக் காலத்து மனுஷி, புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். ஒரு முறை கணக்கெடுக்க வந்த பெண், நான் இல்லாத நேரத்தில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டிருக்கிறாள். இவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த மகளின் பாவாடையைக் கை காட்டியிருக்கிறாள். வந்த பெண் புரியாமல், "துணி எடுக்கணுமா அம்மா? மழை வரலியே" என்றிருக்கிறாள். ரொம்ப நேரம் நடந்த பஞ்சாயத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பையன் வந்து சொன்னானாம். இதற்கு நானும் சிரித்தேன், அவளும் சிரித்தாள். இன்று வரை சிரிக்கிறோம். ஆகவே எனக்குச் சிரிக்கவே தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பெட்டியை வாரா வாரம் போடுவதானால் தாராளமாகப் போடுங்கள். பெயர்களை மட்டும் நீங்களே பொறுக்காமல், அந்தப் பெயர்க்காரர்களிடமே விடுங்கள். 'உங்களுக்கு ஏன் இந்தப் பெயர் வைத்தார்கள்?' என்று கேட்டு ஒரு வரி விளம்பரம் போதும். ஒச்சுவும் வாழ்முனியும் மண்ணாங்கட்டியும் எழுதுவார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். எங்கள் வயதுக்காரர்கள் போய்விட்டால் இந்தப் பெயர்களைக் கேட்டு எழுத ஆள் கிடைக்காது. நெட்டைப் பாவாடை போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது எங்கள் தெருவில் நான் ஒருவன்தான் பாக்கி.

கடிதத்தைப் பிரசுரிப்பதாக இருந்தால் இடத்துக்குத் தக்கபடி எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் 'பா., ஆரணி' என்று சுருக்கிப் போட வேண்டாம். முழுசாகவே போடவும்.

இப்படிக்கு,
பாவாடை
ஆரணி